கஸ்தூரி பல் தேய்த்துவிடுகிறாள்

முழங்கால்களுக்கு நடுவில் பிள்ளையின் இடுப்பு, இடது உள்ளங்கையில் பிள்ளையின் தாடை, வலது கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சை பிரஷ். கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து கஸ்தூரி கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். "ஆ காட்டுடி என் ராசாத்தி. ஒரே ஒரு தபா." ராசாத்தி உதடுகளை உள்ளே மடித்துக்கொள்கிறது. மேலுதடும் கீழுதடும் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோடு மட்டும். கொஞ்ச நேரத்தில் கோடும் இல்லை. வாய் வரைய மறந்துபோன ஒரு முகம் அம்மாவை அண்ணாந்து பார்க்கிறது.

"பூட்டிகிச்சி," என்று தெருவுக்கே அறிவிக்கிறாள் கஸ்தூரி. "பூட்டிட்டு சாவியவும் முழுங்கிட்டு குந்திகினு கீது பாரு."

பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில், கஸ்தூரியின் வீட்டில் பல் தேய்ப்பதற்குக் காலை என்றொரு நேரம் கிடையாது. அவளுடைய பொழுது தண்ணீரைப் பார்த்துத்தான் விடிகிறது. தண்ணீர் வற்றும் வேளைக்கு ஏரியில் இறங்கி, ஏறும் வேளைக்குக் கரைக்கு வருகிறவள் அவள். ஆகவே மகள் மோனிஷாவுக்கு, இரண்டு வயது தாண்டிய மோனிக்கு, பல் தேய்க்கும் நேரம் ஒரு நாள் விடியற்காலை, ஒரு நாள் நடுப்பகல், ஒரு நாள் மற்றவர்கள் டீ குடிக்கும் மாலை. குழாய் வாசலில் இருப்பதால் எல்லாம் வாசலில்தான். எதிர்வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கும் எனக்கு, ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பச்சை பிரஷ்தான்.

கஸ்தூரி கையால் இறால் பிடிக்கிறவள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்து நனைய உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலுக்கு அடியில் துள்ளுவது இறாலா, கிளிஞ்சலா, கெளுத்தி முள்ளா என்று விரலே முடிவுசெய்யும். பிடித்ததைப் போட ஒரு பறி. பனையோலையில் முடைந்த, வயிறு பெருத்து வாய் சிறுத்த கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியை யார் பிடிப்பது? அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மோவாய்க்குக் கீழே பறி தொங்க, பேசாமல், சிரிக்காமல், தண்ணீர் ஏறும்வரை.

கஸ்தூரிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. சின்ன வயதிலேயே சொத்தை விழுந்து கரைந்த பற்கள். மிச்சமிருந்த துண்டுகளைப் பறிக்கயிறு ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நிறைந்த பறி அப்படியே கவிழ்ந்தது. "பல்லு போனதுகூட தெரியல தம்பி. எறா போச்சேன்னுதான் அழுதேன்," என்பாள். அன்று முதல் இடது கோரைப்பல்லில் கடிக்கிறாள். அதற்குத் தோதாகத் தலையை இடப்பக்கம் சாய்த்துச் சாய்த்து, அந்தச் சாய்வு கரைக்கு வந்த பிறகும் நிமிர்வதில்லை. கடையில் பருப்பு வாங்கும்போதும், பிள்ளையைத் திட்டும்போதும், பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்பவள்போல ஒரு பக்கம் சாய்ந்த தலை.

அங்கன்வாடியில் நடந்த பல் முகாமில்தான் விவகாரம் தொடங்கியது. டாக்டரம்மா மோனியின் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்களின் ஈறோரத்தில் படிந்திருந்த பழுப்புக் கோட்டைக் காட்டினார். இப்போதே விடாமல் தேய்த்தால் இத்தோடு நிற்கும், விட்டால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டிவரும் என்றார். பிறகு, பிள்ளை தூங்கும்போது வாயில் பால்புட்டி இருக்குமா என்று கேட்டார்.

இருந்தது. அதை வைத்தவள் கஸ்தூரி. விடிவதற்கு முன் ஏரிக்குப் போகிற நாட்களில் பிள்ளை விழித்து அழக்கூடாது என்று, சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, தூங்குகிற வாயில் செருகிவிட்டுப் போவாள். ஏரிக்குப் போகும் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். புட்டி காலியாகும் வரை, அம்மா பக்கத்தில் படுத்திருப்பதாகவே பிள்ளைக்கு நினைப்பு.

"நான் போய் எறா தேடிகினு இருந்தேன். இங்க நானே வச்ச சக்கர அவ பல்ல தேடிகினு இருந்திருக்குது," என்று அன்று மாலை குழாயடியில் சொன்னாள். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. மறுநாள் புட்டி குப்பைக்குப் போனது. அரிசி அளவுக்குப் பசை வைத்த பிரஷ் வந்தது.

கணவன் சுரேஷ் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். நல்லவன். மகள் கண்ணில் நீர் வந்தால் உலகமே முடிந்தது என்று நினைக்கிற ஆள். "பால்பல்லுமே அது. உளுந்து மொளைக்கும். அதுக்கு போயி இன்னாத்துக்கு இவ்ளோ ரகள?" என்றான்.

"உளுவுற வரைக்கும் சோறு இன்னாத்தால திம்பா? உன் வாயால மென்னு குடுப்பியா?"

"குடுப்பேன்."

"ராவுல பிஸ்கட்டு குடுக்கற பார், அந்த கைய ஒடிப்பேன். இத்த மொதல்ல மென்னு முழுங்கு."

முதலில் அவள் பலத்தை நம்பினாள். துண்டில் சுற்றி மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்தாள். வாய் திறந்தது. பிரஷ் உள்ளே போனதும் விரலோடு சேர்த்துக் கடித்தது. பிறகு குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. சுரேஷ் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினான். கஸ்தூரி கடிபட்ட விரலைக் குழாயில் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூக்கைப் பிடிப்பது அன்றோடு சரி.

"மட்டிச் சிப்பிய தட்டுனா இன்னும் இறுக்கிக்கும்," என்றாள். "எனக்கு இது தெரியணும்ல? தெனம் சேத்துல தடவறேன்."

அடுத்தது பயமுறுத்தல். பல்லில் பூச்சி இருக்கிறது, தேய்க்காவிட்டால் தின்றுவிடும் என்று கண்ணை உருட்டிச் சொன்னாள். சேற்றுப் புழுவையும் நண்டுக்குஞ்சையும் கையில் வைத்து விளையாடுகிற பிள்ளையிடம் போய் இதைச் சொன்னால்? மோனியின் முகம் மலர்ந்தது. "எங்க பூச்சி? குடு," என்று கையை நீட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை. அதன் பிறகு ஒரு வாரம், எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி பூச்சியைப் பற்றியதுதான்.

சுரேஷின் போனில் முயல் ஒன்று பல் தேய்க்கும் படம் இருந்தது. மோனி அதை மிகுந்த பரிவோடு பார்த்தாள். பிறகு தன் பிரஷை எடுத்து முயலுக்குத் தேய்த்துவிட்டாள். போன் பல நாட்கள் புதினா மணத்தது.

ஒரு நாள் என் ஜன்னலை நோக்கிக் குரல் வந்தது. "இன்னா தம்பி, மேலேந்து பாத்துகினே கீற. எறங்கி வந்து நீ ஒரு தபா வெளக்கிக் காட்டு. உன்ன பாத்தாவது தொறக்குதா பாப்பம்." கஸ்தூரி கேட்டால் மறுக்க முடியாது. மறுப்பதற்கு அவளோடு வாய் கொடுக்க வேண்டுமே. தெரு பார்த்திருக்க வாசலில் நின்று நான் பல் தேய்த்தேன். பக்கத்து வீட்டு ருக்கு, கஸ்தூரியோடு ஏரிக்குப் போகிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா தம்பி இவ்ளோ நொர? சோப்பு தின்னியா?" மோனி கண் இமைக்காமல் பார்த்தாள். நான் துப்பியதும் கைதட்டினாள். "இன்னொரு தபா துப்பு," என்றாள். அன்றிலிருந்து அவளும் துப்பினாள். செடியில், படியில், சுரேஷின் சோற்றுத் தட்டில். தேய்க்காமலே துப்பக் கற்ற முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

"பரவால்ல," என்றாள் கஸ்தூரி. "கடைசி பாடம் மொதல்ல வந்துகீது. மத்ததும் வரும்."

வேறொருத்தி இந்நேரம் விட்டிருப்பாள். கஸ்தூரியின் பிடிவாதத்தில் சத்தம் கிடையாது. ஒவ்வொரு நாளும் முதல் நாள்போலவே வந்து டப்பாவைக் கவிழ்த்துப் போடுவாள். நேற்றுத் தோற்றதை நேற்றோடு விட்டுவிட்டு வந்தவள்போல இருக்கும் அவள் உட்காரும் தோரணை. ஏரியில் வெறும் பறியோடு திரும்பிய மறுநாளும் அவள் அப்படித்தான் இறங்குவாள் என்று ருக்கு சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டில் மோனிக்கு ஒரே ஒரு தடை உண்டு. பறியைத் தொடக்கூடாது. வந்ததும் அதைக் கழுவி, மோனிக்கு எட்டாமல் கூரைக்கம்பில் உயரத் தொங்கவிட்டுவிடுவாள் கஸ்தூரி. "இவ வாயில இந்த கயிறு ஏறக்கூடாது. இவ படிக்கப்போறா," என்பாள். ஒருமுறை கயிற்றை எடுத்து வாயில் வைத்ததற்குப் பிள்ளையின் கையில் சுள்ளென்று ஒரு அடி விழுந்தது. அவள் மோனியை அடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் மதியம். கஸ்தூரி துணி அலசிக்கொண்டிருந்தாள். ருக்கு பக்கத்தில் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். மோனி துணி அலசும் பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் டம்ளரையும் அதில் கட்டிய நாடாவையும் கண்டுபிடித்திருந்தாள். நாடாவைப் பல்லில் கடித்து, டம்ளர் மோவாய்க்குக் கீழே ஆட, இரண்டு கைகளாலும் தண்ணீரின் அடியைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாப் பல்லும் இருக்கிற பிள்ளை, பல் இல்லாதவளின் சாய்வை அப்படியே சாய்ந்துகொண்டிருந்தது.

கஸ்தூரி பார்த்துவிட்டாள். ஈரத் துணியைப் போட்டுவிட்டு, கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏண்டி, புள்ளைய அடிச்சிடாதடி," என்றாள் ருக்கு.

"நீ கம்னு இரு அக்கா."

குனிந்து பார்த்தாள். நானும் மாடியிலிருந்து பார்த்தேன், ஆனால் எனக்குப் பிறகுதான் புரிந்தது. பல் நடுவில் கயிற்றைக் கடித்து ஒன்றை இழுத்துப் பிடிக்கும்போது உதடு மூடாது. பின்னால் இழுபட்டு விலகிக்கொள்ளும். ஏரியில் பறியோடு இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் அந்த முகம்தான், சிரிப்பா கோபமா என்று தெரியாத, பல் தெரியும் முகம். ஊரே கெஞ்சியும் காட்டாத முன்பற்கள், பழுப்புக் கோட்டோடு, வெயிலில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தன.

"அக்கா," என்றாள் கஸ்தூரி, குரலை ஏற்றாமல். "அந்த பிரஷ எட்து குடு. மெதுவா. ஓடியாராத."

வாங்கினாள். இன்னொரு கையால், மோனி விளையாடச் சேர்த்து வைத்திருந்த பாட்டில் மூடிகளை அள்ளித் தண்ணீரில் போட்டாள். "எறா வந்துச்சி மோனி. புடி, புடி. வுட்றாத." மோனியின் இரண்டு கைகளும் மூடிகளைத் துரத்தின. நாடாவை விட்டால் பறி போய்விடுமே, அதனால் அவள் இன்னும் இறுக்கிக் கடித்தாள். உதடு இன்னும் விலகியது. கஸ்தூரி மேல்வரிசையின் வெளிப்பக்கத்தை ஈறோரமாக மெல்ல, வட்டவட்டமாகத் தேய்த்தாள். அப்படி ஒருத்தி தேய்க்கிறாள் என்பதையே மோனி கவனிக்கவில்லை. வேலையில் இருந்தாள்.

ருக்கு சிரித்தாள். "கயிறு வாயில ஏறக்கூடாதுன்னு குதிச்சவ எவ? இப்ப நீயே புள்ளைக்கி தொழிலு கத்து குடுக்கறியா?"

கஸ்தூரி மூடிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "கடிச்சிட்டு போவட்டும்கா," என்றாள். "பெரிசாயி அவளே வேணாம்னு துப்புவா. துப்பறதுக்கு பல்லு இருக்கட்டும்."

அன்று மாலையே மகளுக்கென்று உள்ளங்கை அளவில் ஒரு பறி முடைந்தாள். கயிறு புதுசு, வெந்நீரில் போட்டு எடுத்தது. அதைக் கையில் கொடுக்கும்போது அவள் முகம் கடுத்திருந்தது. தோற்றுப்போன ஒருத்தி கையெழுத்துப் போடுவதைப்போல இருந்தது. ஆனால் கொடுத்தாள்.

வெளிப்பக்கம் ஆயிற்று. உள்பக்கத்துக்கு வாய் திறக்க வேண்டும். அதற்கும் ஏரியிலிருந்தே வழி எடுத்தாள். பறி நிறைந்தால் கரைக்கு வந்து கயிற்றை விட்டுக் கொட்டுவார்கள் அல்லவா? "ரொம்பிச்சி, கொட்டு!" என்பாள். மோனி "ஆ" என்று பெரிதாக வாய் திறந்து பறியை விடுவாள். அந்த "ஆ"வுக்குள் பிரஷ் ஒரு முறை போய்வரும். நாளாக ஆக அந்த "ஆ" நீண்டது. சுரேஷ் வேலைக்குப் போகிற வழியில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, சர்க்கஸ் காட்டறீங்களா ரெண்டு பேரும்?" என்றான். "நைனா, எறா," என்று மோனி அவன் கையில் ஒரு பாட்டில் மூடியைக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனான்.

இத்தோடு முடிந்தது என்று தெரு நினைத்தது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஆயுள் குறைவு. போன மாதம் ஒரு காலை, சின்னப் பறியை நீட்டினால் மோனி வாங்கித் தூர எறிந்தாள். மூடிகளைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதடுகள் மறுபடி உள்ளே போயின. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும், அதன் பிறகும்.

இறால் பிடிக்கும் இடம் ஏரியின் மறுகோடியில். பெண்களை அங்கே ஏற்றிப்போக சடையனின் லோடு ஆட்டோ வரும். கஸ்தூரிக்கு அவர் மாமா முறை. தெருமுனையிலேயே ஹாரன் அடித்துவிடுவார். ஹாரன் கேட்டதும் கஸ்தூரி பிரஷை அலசி வைத்துவிட்டு, பிள்ளையை சுரேஷிடம் தள்ளிவிட்டு ஓடுவாள். வாயை மூடியபடி மோனி காதைத் தெருப்பக்கமாகவே வைத்திருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் கஸ்தூரிதான். "இவளுக்கு தெரிஞ்சிபோச்சிக்கா," என்று ருக்குவிடம் சொன்னாள். "ஆரன் அடிக்கிற வரைக்கும் தாக்கு புடிச்சா போதும், அம்மா பூடுவான்னு."

நேற்றும் ஆட்டோ வந்தது. ஹாரன் அடித்தது. கஸ்தூரி டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஏரியில் இறங்குவதற்குத் தோதாகச் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். எதிரே மோனி, வாய் இல்லாத முகத்தோடு.

"கஸ்தூரி! வா ஜல்தி. தண்ணி வத்திகினு கீது," என்று ஆட்டோவிலிருந்து ருக்கு கூப்பிட்டாள்.

கஸ்தூரி திரும்பவில்லை.

"இன்னா பொண்ணே, வரியா இல்லியா?" சடையன் இறங்கியே வந்துவிட்டார். "இத்த வுட்டா இன்னிக்கி அவ்ளோதான். நடந்து வந்து சேரதுக்குள்ள தண்ணி ஏறிடும்."

"தெரியும் மாமா. நீ போ."

"பல்லு நாளைக்கி தேய்ச்சிக்கலாம்மா."

"நாளைக்கின்னு நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன். நீ கெளம்பு மாமா."

சுரேஷ் வாசலுக்கு வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பியது. பெண்களின் பேச்சும் கூடைகளும் அதோடு போயின. புழுதி அடங்கியதும் தெருவில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மோனி ஆட்டோ போன திசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி அந்தத் திசையைப் பார்த்தாள். கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற பார்வை அது.

கஸ்தூரி எழுந்து நின்றாள். இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்த சேலையை உருவிக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள், இந்த முறை காலை நீட்டி, சாவகாசமாக, இன்றைக்கு வேறு வேலையே இல்லாதவள்போல. கெஞ்சவில்லை. பிரஷை நீட்டவும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

முதலில் உதடுகள் வெளியே வந்தன. பிறகு, யாருக்கோ சலுகை காட்டுவதுபோல், மோனியின் வாய் கொஞ்சம் திறந்தது. இன்னும் கொஞ்சம்.

கஸ்தூரி அவசரப்படவில்லை. பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, வெயில் உள்ளே விழும்படி மெல்ல கிழக்கே திருப்பினாள்.